வரவேற்பறை விளையாட்டுக் கணினி

வரவேற்பறை விளையாட்டுக் கணினி என்பது வீட்டின் வரவேற்பறையில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து நிகழ்பட ஆட்டங்களை ஆடுவதற்கென அமைக்கப்படும் சிறிய உருவளவுடைய தனியாள் கணினி ஆகும். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற ஆட்டக் கருவிகள் செய்யும் பணியையே இதுவும் செய்கின்றது. எனினும், இது எந்த ஒரு நிறுவனத்தின் மூடிய கட்டமைப்பிற்குள்ளும் அடங்காமல் பொதுவான கணினி மென்பொருள்களை இயக்க வல்லது.

இத்தகைய கணினியைப் பெற இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, முழுமையாகப் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வரும் ஆயத்தக் கணினியை வாங்குவது. இரண்டாவது, கணினிப் பெட்டி, தாய்ப்பலகை, மையச் செயலி, வரைவியல் அட்டை, மின்வழங்கி முதலியவற்றைத் தனித்தனியே வாங்கித் தாமே பொருத்துவது. தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இது "அசெம்பிள் செய்த கணினி" எனப்படுகின்றது. பெரிய மேசைக் கணினிகளைப் பொறுத்தவரை இவ்விரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் விலை பற்றியதே. சிறிய கணினிகளில் அவ்வாறன்று. இடநெருக்கடி காரணமாக வெப்பம், ஓசை, பகுதிகளை மாற்றும் வாய்ப்பு ஆகியவை வாங்கும்போதே பெருமளவு முடிவாகிவிடுகின்றன. ஆகவே கணினி எத்தனை ஆண்டுகள் பயன்படும் என்பதும் இத்தெரிவைச் சார்ந்தே அமைகின்றது.

வரலாறு

தொடக்கம்

தைவானைச் சேர்ந்த ஷட்டில் நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் எஸ்.வி.24 என்னும் சிறு பெட்டிக் கணினியை வெளியிட்டது. பெட்டி, தாய்ப்பலகை, மின்வழங்கி ஆகியவை மட்டும் பொருத்தப்பட்டிருக்க, ஏனைய பகுதிகளைப் பயனரே சேர்த்துக்கொள்ளும் "வெற்றுப் பெட்டி" வகையைச் சேர்ந்தது இது. அதே ஆண்டில் தைவானின் வியா நிறுவனம் மினி-ஐ.டி.எக்ஸ் என்னும் தாய்ப்பலகை அளவை அறிமுகப்படுத்தியது. 170 மி.மீ. நீளமும் 170 மி.மீ. அகலமும் கொண்ட இப்பலகை, தொடக்கத்தில் குறைந்த மின்திறனில் இயங்கும் எளிய கணினிகளுக்காகவே உருவாக்கப்பட்டது. பின்னர் இன்டெல், ஏ.எம்.டி. ஆகியவற்றின் வழமையான மேசைக் கணினிச் செயலிகளுக்கும் இவ்வளவில் பலகைகள் வெளிவந்தமையால், சிறிய விளையாட்டுக் கணினிகளின் அடிப்படைச் சீர்தரமாக இது மாறியது.

வன்பொருள் சிறியதானாலும், விசைப்பலகையும் சுட்டியும் இன்றிச் சாய்விருக்கையில் அமர்ந்து கணினியை இயக்குவது நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2012 டிசம்பர் 3 அன்று தனது ஸ்டீம் மென்பொருளில் "பெரிய படம்" என்று பொருள்படும் பிக் பிக்சர் பயன்முறையை வெளியிட்டது. தொலைவிலிருந்து படிக்கத்தக்க பெரிய எழுத்துகளுடன், ஆட்டக் கைக்கருவியால் மட்டுமே இயக்கத்தக்கதாக இது வடிவமைக்கப்பட்டிருந்தது.

ஸ்டீம் மெசின்கள் (2013 - 2018)

2013 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் மூன்று அறிவிப்புகளை அடுத்தடுத்து வெளியிட்டது. லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் ஓ.எஸ். இயங்குதளம் 23 ஆம் தேதியும், பல நிறுவனங்கள் தயாரிக்கவிருந்த ஸ்டீம் மெசின் கணினிகள் 25 ஆம் தேதியும், ஸ்டீம் கட்டுப்படுத்தி என்னும் கைக்கருவி 27 ஆம் தேதியும் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் 300 முன்மாதிரிக் கணினிகள் சோதனைப் பயனர்களுக்கு அனுப்பப்பட்டன.

இம்முன்மாதிரி, ஆயத்தக் கணினிக்கும் தாமே பொருத்தும் கணினிக்கும் இடையிலான எல்லையை வேண்டுமென்றே மங்கச் செய்தது. பெட்டியைத் தவிர ஏனைய அனைத்தும் கடைகளில் கிடைக்கும் பொதுவான பகுதிகளே என்றும், விரும்பியவர் அதே கணினியைத் தாமே பொருத்திக்கொள்ளலாம் என்றும் வால்வ் 2013 அக்டோபரில் அறிவித்தது. பெட்டியின் வடிவமைப்புக் கோப்புகளையும் பகிர்வதாகக் கூறியது.

ஆனால் 2015 நவம்பர் 10 அன்று விற்பனைக்கு வந்த கணினிகள் பல இந்நோக்கிலிருந்து விலகியிருந்தன. அவற்றுள் மிகவும் அறியப்பட்ட ஏலியன்வேர் ஸ்டீம் மெசினில் வரைவியல் செயலி தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. ஜோடாக் நிறுவனத்தின் எஸ்.என்.970 மடிக்கணினிக்கான வரைவியல் செயலியைப் பயன்படுத்தியது. ஏலியன்வேர் கணினியின் தொடக்க விலை 449 அமெரிக்க டாலர். அக்காலத்தில் பிளேஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 349 டாலர் அளவில் விற்கப்பட்டது. ஆட்டக் கருவி நிறுவனங்கள் கருவியைக் குறைந்த இலாபத்திலோ இழப்பிலோ விற்று, ஆட்டங்களின் விற்பனையில் அதனை ஈடுசெய்துகொள்ள இயலும். கணினித் தயாரிப்பாளர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மென்பொருள் நிலையும் சாதகமாக இருக்கவில்லை. விண்டோசுக்கென எழுதப்பட்ட பெரும்பாலான ஆட்டங்கள் ஸ்டீம் ஓ.எஸ். தளத்தில் இயங்கவில்லை. லினக்சுக்கு மாற்றப்பட்ட ஆட்டங்கள் பலவும் அதே வன்பொருளில் விண்டோசைவிட மெதுவாக இயங்கின. 2016 சூன் வரை விற்ற ஸ்டீம் கட்டுப்படுத்திகளின் எண்ணிக்கை 5 இலட்சத்தை எட்டவில்லை. கணினிகளுடன் சேர்த்து வழங்கப்பட்டவையும் அதில் அடங்கியமையால், ஸ்டீம் மெசின்களின் விற்பனை அதனினும் குறைவு என்பது தெளிவாயிற்று. 2018 ஆம் ஆண்டில் ஸ்டீம் கடையின் முதன்மைப் பட்டியலிலிருந்து இக்கணினிகளுக்கான இணைப்பு நீக்கப்பட்டது.

பிற்கால வளர்ச்சி

விண்டோசு ஆட்டங்களை லினக்சில் இயக்க உதவும் புரோட்டான் மென்பொருள் 2018 ஆகஸ்டு 21 அன்று வெளியானது. முதல் ஸ்டீம் மெசின்களின் முதன்மையான குறை இதனால் பெருமளவு நீங்கியது. 2022 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கணினி, ஆர்ச் லினக்சை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓ.எஸ். 3 பதிப்புடன் வந்தது.

2025 நவம்பர் 12 அன்று வால்வ் ஸ்டீம் மெசின் என்னும் அதே பெயரில் தானே தயாரிக்கும் ஒரு கணினியை அறிவித்தது. ஏறத்தாழ 15 செ.மீ. பக்கமுள்ள கனசதுர வடிவம் கொண்ட இதன் கனவளவு 4 லீட்டருக்கும் குறைவு. ஏ.எம்.டி.யின் ஆறு கருக்கள் கொண்ட சென் 4 வகை மையச் செயலி, 8 கிகாபைட்டு தனி நினைவகத்துடன் கூடிய ஆர்.டி.என்.ஏ. 3 வகை வரைவியல் செயலி, 16 கிகாபைட்டு முதன்மை நினைவகம் ஆகியவை இதன் அமைப்பாக அறிவிக்கப்பட்டன. செயலிகள் இரண்டும் பலகையில் நிலையாகப் பொருத்தப்பட்டவை. நினைவகமும் திண்மநிலை வட்டும் மாற்றத்தக்கவை. ஆட்டக் கருவிகளைப் போல இழப்பில் விற்கும் எண்ணம் இல்லை என்றும், இதே திறனுள்ள கணினியைத் தனிப்பகுதிகளிலிருந்து பொருத்துவதற்கு ஆகும் செலவை ஒட்டியே விலை அமையும் என்றும் நிறுவனத்தின் பொறியாளர்கள் அப்போது தெரிவித்தனர்.

உருவளவும் சீர்தரங்களும்

சிறு கணினிகளின் அளவு வழமையாக லீட்டரில் குறிப்பிடப்படுகின்றது. வழமையான நடுத்தரக் கோபுரப் பெட்டி 40 லீட்டரைத் தாண்டும். சிறு கணினி ஆர்வலர்கள் பொதுவாக 20 லீட்டருக்குக் குறைந்த பெட்டிகளையே சிறியவையாகக் கருதுகின்றனர். 2013 ஆம் ஆண்டில் திரள்நிதி மூலம் உருவான என்கேஸ் எம்1 பெட்டி 12.6 லீட்டரும், 2016 ஆம் ஆண்டில் அவ்வாறே உருவான டான் ஏ4 பெட்டி 7.2 லீட்டரும் கொண்டவை. இவ்விரண்டும் முழு நீள வரைவியல் அட்டைகளை ஏற்கும் வகையில் அமைந்திருந்தன.

தாமே பொருத்தும் கணினிக்கு அடிப்படையாக அமையும் சீர்தரங்கள் சில:

* மினி-ஐ.டி.எக்ஸ் தாய்ப்பலகை: 170 × 170 மி.மீ. பொதுவாக இரண்டு நினைவகப் பொருத்துவாய்களும் ஒரே ஒரு விரிவாக்கப் பொருத்துவாயும் கொண்டது.
* எஸ்.எப்.எக்ஸ் மின்வழங்கி: 125 × 63.5 × 100 மி.மீ. வழமையான ஏ.டி.எக்ஸ் மின்வழங்கியின் கனவளவில் பாதிக்கும் குறைவு.
* விரிவாக்கப் பொருத்துவாய்களின் இடைவெளி: 20.32 மி.மீ. வரைவியல் அட்டையின் தடிமன் "இரண்டு இடம்", "மூன்று இடம்" என இவ்வலகாலேயே அளக்கப்படுகின்றது.
* எம்.2 திண்மநிலை வட்டு: மேசைக் கணினிகளில் பெரும்பாலும் 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்டது.

இச்சீர்தரங்களின் பயன் வாங்கும் நாளில் வெளிப்படுவதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பகுதி பழுதாகும்போது, வேறொரு நிறுவனத்தின் பகுதி அதே துளைகளில் பொருந்துவதே இவற்றின் பயன் ஆகும்.

ஆனால் சீர்தரங்கள் எல்லாவற்றையும் உள்ளடக்குவதில்லை. வரைவியல் அட்டையின் நீளத்தையும் தடிமனையும் தயாரிப்பாளர்களே முடிவு செய்கின்றனர். 2014 இல் வெளியான ஜிபோர்ஸ் ஜி.டி.எக்ஸ் 970 அட்டையின் மின்திறன் 145 வாட். அதன் சில பதிப்புகள் 170 மி.மீ. நீளத்திற்குள் அடங்கின. 2022 இல் வெளியான ஆர்.டி.எக்ஸ் 4090 அட்டையின் மின்திறன் 450 வாட். என்விடியாவின் சொந்தப் பதிப்பே 304 மி.மீ. நீளமும் மூன்று இடத் தடிமனும் கொண்டிருந்தது. ஆகவே பழைய பெட்டியொன்று எல்லாப் புதிய அட்டைகளையும் ஏற்கும் எனக் கொள்ள இயலாது.

வெப்பமும் ஓசையும்

கணினி நுகரும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகின்றது. 300 வாட் நுகரும் கணினி, 300 வாட் வெப்பமூட்டிக்கு ஒப்பானது. பெட்டி சிறியதாகும்போது காற்றோட்டத்திற்கான இடம் குறைகின்றது. சிறிய விசிறிகள் அதே அளவு காற்றைத் தள்ள விரைவாகச் சுழல வேண்டியிருப்பதால் ஓசை மிகுகின்றது. அறையின் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால், உள்ளே உள்ள பகுதிகளின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதே அளவு உயரும். இதனால் குளிர்நாடுகளில் அமைதியாக இயங்கும் கணினி, குளிரூட்டப்படாத வெப்பமண்டல வீடொன்றில் இரைச்சலிடக் கூடும். கதவுள்ள தொலைக்காட்சிப் பேழைக்குள் வைக்கப்படும் கணினிகளில் இச்சிக்கல் மேலும் கடுமையாகின்றது.

இவ்விடயத்தில் ஆயத்தக் கணினிகளுக்குத் தெளிவான சாதகம் உண்டு. பெட்டி, பலகை, வெப்பத் தகடு, விசிறி ஆகிய அனைத்தையும் ஒரே குழு ஒன்றற்கொன்று ஏற்ப வடிவமைக்க முடிகின்றது. 2025 இல் அறிவிக்கப்பட்ட ஸ்டீம் மெசினில் பெட்டியின் உள்ளிடத்தில் பெரும்பகுதியை ஒரே பெரிய வெப்பத் தகடும் அதன் பின்னுள்ள ஒரே விசிறியும் எடுத்துக்கொள்கின்றன. மையச் செயலிக்கு 30 வாட், வரைவியல் செயலிக்கு 110 வாட் என மின்திறனும் வரையறுக்கப்பட்டுள்ளது. கடையில் வாங்கும் பகுதிகளைக் கொண்டு இத்தகைய ஒருங்கிணைப்பை எட்டுவது கடினம்.

தாமே பொருத்துவோர் இக்குறையை வேறு வழிகளில் ஈடுசெய்கின்றனர். செயலியின் மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்தல், வரைவியல் அட்டையின் மின்திறனுக்கு மேல்வரம்பு விதித்தல், விசிறியின் வேகத்தை வெப்பநிலைக்கேற்ப அமைத்தல் ஆகியன பரவலாகக் கையாளப்படும் முறைகள். மின்திறனில் கணிசமான பகுதியைக் குறைத்தாலும் ஆட்டத்தின் வேகம் சிறிதளவே குறைவது இம்முறைகளின் அடிப்படை.

ஆயத்தக் கணினிகள்

ஆயத்தக் கணினிகளை அவற்றின் உள்ளமைப்பைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, சீர்தரப் பகுதிகளைக் கொண்டு நிறுவனமே பொருத்தித் தருவது. இதனைப் பின்னர் மேம்படுத்துவது, தாமே பொருத்திய கணினியை மேம்படுத்துவது போன்றதே.

இரண்டாம் வகை, தனிப்பட்ட வடிவமுள்ள பெட்டியும் பலகையும் கொண்டது. 2016 இல் அறிமுகமான எம்.எஸ்.ஐ. டிரைடென்ட் ஏறத்தாழ 4.7 லீட்டரும், 2017 இல் வெளியான கோர்செய்ர் ஒன் 12 லீட்டரும் கொண்டவை. இவ்வகையில் எந்தப் பகுதி சீர்தரமானது, எது தனிப்பட்டது என்பது கணினிக்குக் கணினி வேறுபடும்.

மூன்றாம் வகை, செயலிகள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மிகச் சிறிய கணினி. இன்டெலின் நக் வரிசையில் 2018 இல் வந்த ஹேட்ஸ் கேனியன் கணினி, இன்டெல் செயலியையும் ஏ.எம்.டி. வரைவியல் செயலியையும் ஒரே தொகுப்பில் கொண்டிருந்தது. 2023 சூலையில் இன்டெல் நக் கணினிகளில் நேரடி முதலீட்டை நிறுத்தியது. அவ்வரிசையைத் தொடரும் உரிமம் ஏசஸ் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. தனிப்பட்ட வடிவமுள்ள கணினியின் எதிர்காலம் அதன் தயாரிப்பாளரின் வணிக முடிவுகளைச் சார்ந்துள்ளது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பற்றவைத்தலுக்குச் சில வேளைகளில் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பழுதுபார்க்க எளிய மடிக்கணினிகளுக்காக அறியப்பட்ட பிரேம்வொர்க் நிறுவனம், 2025 பிப்ரவரியில் 4.5 லீட்டர் மேசைக் கணினியொன்றை அறிவித்தது. அதில் பயன்படுத்தப்பட்ட ஏ.எம்.டி. ரைசன் ஏ.ஐ. மாக்ஸ் செயலியின் பெரிய வரைவியல் பகுதிக்கு நொடிக்கு 256 கிகாபைட்டு நினைவக வேகம் தேவைப்பட்டது. கழற்றத்தக்க நினைவகத்தால் அவ்வேகத்தை எட்ட இயலாமையால் நினைவகம் பற்றவைக்கப்பட்டது. எனினும் தாய்ப்பலகை மினி-ஐ.டி.எக்ஸ் அளவிலேயே அமைக்கப்பட்டது.

தாமே பொருத்தும் கணினிகள்

சிறு பெட்டியில் கணினியைப் பொருத்துவது, பெரிய பெட்டியில் பொருத்துவதைவிடக் கூடுதல் திட்டமிடலை வேண்டுகின்றது. வாங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை:

* வரைவியல் அட்டையின் நீளம், உயரம், தடிமன் ஆகியவற்றுடன், மின்வடம் செருகிய பின் அது வளைவதற்குத் தேவையான இடம்.
* குளிர்விப்பானின் உயரம். மிகத் தாழ்ந்த பெட்டிகளில் 37 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்.எச்-எல்9 போன்றவையே பொருந்தும். இவை அதிகத் திறன் கொண்ட செயலிகளுக்குப் போதா.
* நீட்டிப்பு வடம். வரைவியல் அட்டையைப் பலகைக்கு இணையாகப் படுக்க வைக்கும் பெட்டிகளில் இது தேவை. மூன்றாம் தலைமுறை வடத்துடன் நான்காம் தலைமுறை அட்டையை இணைத்தால் திரை தோன்றாமல் போகக் கூடும். அவ்வேளையில் பலகையின் தொடக்க அமைப்புகளில் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்குக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.
* மின்வழங்கியின் வடங்கள். கழற்றத்தக்க வடங்களின் மின்வழங்கிப் பக்க முனைகளுக்குச் சீர்தரம் இல்லை. ஒரு மின்வழங்கியின் வடத்தை வேறொன்றில் செருகினால் முனை பொருந்தினாலும் மின்னழுத்தம் மாறி, வட்டுகளும் பலகையும் எரிந்துபோகக் கூடும்.

கருவிகளைப் பொறுத்தவரை ஒரு திருப்புளி போதுமானது. கடினமானது பிழையைக் கண்டறிவதே. கணினி இயங்காதபோது பழுது நினைவகத்திலா, பலகையிலா, மின்வழங்கியிலா என அறிய மாற்றுப் பகுதிகள் தேவைப்படுகின்றன. வீட்டில் வேறு கணினி இல்லாதவர்க்கு இது பெரும் தடையாக அமையலாம்.

இவ்விரு வழிகளுக்கும் இடைப்பட்டவை வெற்றுப் பெட்டிக் கணினிகள். ஏ.எஸ்.ராக் நிறுவனத்தின் 8 லீட்டர் டெஸ்க்மீட் போன்றவற்றில் பெட்டி, பலகை, மின்வழங்கி ஆகியவை பொருத்தப்பட்டே வருகின்றன. செயலி, நினைவகம், வட்டு, சிறிய வரைவியல் அட்டை ஆகியவற்றைப் பயனர் சேர்த்துக்கொள்கின்றார்.

ஒப்பீடு

விலை

தாமே பொருத்துவதே மலிவு என்னும் கருத்து எல்லாக் காலத்திற்கும் பொருந்துவதில்லை. மினி-ஐ.டி.எக்ஸ் பலகைகளும் எஸ்.எப்.எக்ஸ் மின்வழங்கிகளும் பெரிய அளவிலான அவற்றின் இணைகளைவிடப் பொதுவாக விலை கூடியவை. 2020 இறுதி முதல் 2022 வரை நிலவிய வரைவியல் அட்டைத் தட்டுப்பாட்டின்போது தனி அட்டைகள் அறிவித்த விலையைவிட மிகக் கூடுதலாக விற்றன. அட்டையுடன் கூடிய முழுக் கணினியை வாங்குவது பல வேளைகளில் அப்போது மலிவாக இருந்தது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவக விலை கடுமையாக உயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குரூசியல் என்னும் நுகர்வோர் நினைவக வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. இத்தகைய காலங்களில், முன்கூட்டியே மொத்தமாகக் கொள்முதல் செய்த நிறுவனங்களின் ஆயத்தக் கணினிகள் சாதகமான நிலையில் இருக்கும்.

மறுபுறம், ஏற்கெனவே வட்டு, நினைவகம், மின்வழங்கி போன்றவற்றை வைத்திருப்பவருக்குத் தாமே பொருத்தும் வழியில் செலவு பெரிதும் குறைகின்றது. விலையை ஒப்பிடும்போது இயங்குதள உரிமத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விண்டோசு உரிமத்தின் விலை பெரும்பாலான ஆயத்தக் கணினிகளில் அடங்கியிருக்கும். லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கின்றது.

உத்தரவாதமும் பழுதுபார்ப்பும்

ஆயத்தக் கணினிக்கு ஒரே நிறுவனம் பொறுப்பேற்கின்றது. எந்தப் பகுதி பழுதானது என்பதைப் பயனர் அறிய வேண்டியதில்லை. ஆனால் கணினி முழுவதையும் அனுப்ப வேண்டியிருக்கும். அந்நிறுவனத்தின் சேவை மையம் இல்லாத நாடுகளில் உத்தரவாதம் செல்லாமலும் போகலாம். தாமே பொருத்திய கணினியில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி உத்தரவாதம் உண்டு. சில மின்வழங்கிகளுக்கு 7 முதல் 10 ஆண்டுகள் வரை உத்தரவாதம் தரப்படுகின்றது. ஆனால் பழுதான பகுதியைக் கண்டறியும் பொறுப்பு பயனருடையது.

உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரே முதன்மையான வேறுபாடு தோன்றுகின்றது. சீர்தர மின்வழங்கி பழுதானால் அதனை மட்டும் மாற்றினால் போதும். தனிப்பட்ட வடிவமுள்ள மின்வழங்கி பழுதாகி, அதன் உற்பத்தியும் நின்றுபோயிருந்தால், நன்றாக உள்ள ஏனைய பகுதிகளும் பயனற்றுப் போகக் கூடும்.

தொலைக்காட்சியுடன் இணைதல்

வரவேற்பறையில் கணினி, ஆட்டக் கருவியைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்பது வீட்டிலுள்ள ஏனையோரின் எதிர்பார்ப்பாகும். கைக்கருவியின் பொத்தானை அழுத்தினால் கணினி உறக்கத்திலிருந்து விழிப்பதும், தொலைக்காட்சி தானே இயங்கத் தொடங்குவதும் இதில் அடங்கும். தொலைக்காட்சியை இவ்வாறு கட்டுப்படுத்த உதவும் எச்.டி.எம்.ஐ. - சி.இ.சி. வசதி, கடையில் கிடைக்கும் வரைவியல் அட்டைகளில் பொதுவாக இல்லை. தாமே பொருத்துவோர் இதற்கென யு.எஸ்.பி. வழி இணையும் தனிக் கருவியைச் சேர்க்க வேண்டியுள்ளது. வரவேற்பறைக்கென வடிவமைக்கப்பட்ட ஆயத்தக் கணினிகளில் இவ்வசதியைப் பலகையிலேயே அமைக்க முடிகின்றது. 2025 ஸ்டீம் மெசினில் இது உள்ளது.

கம்பியில்லாக் கைக்கருவிகள் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. யு.எஸ்.பி. 3 இணைப்புகளிலிருந்து எழும் மின்காந்த இரைச்சல் இதே அலைவரிசையைப் பாதிப்பதாக இன்டெல் 2012 இல் ஆவணப்படுத்தியுள்ளது. உலோகப் பெட்டியின் பின்புறம் செருகப்பட்ட ஏற்பியில் ஆட்டக் கட்டளைகள் விட்டுவிட்டு வந்தால், குறுகிய நீட்டிப்பு வடத்தால் ஏற்பியைப் பெட்டியிலிருந்து விலக்கி வைப்பதே எளிய தீர்வு.

இயங்குதளம்

லினக்ஸ் இயங்குதளத்தில் புரோட்டான் வழியாகப் பெரும்பாலான ஆட்டங்கள் இயங்கினாலும், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை இயங்குதளக் கருவின் மட்டத்தில் நிறுவும் வேலோரன்ட், அதே போல் லினக்சை ஏற்காத போர்ட்நைட் போன்றவை இயங்குவதில்லை. மேலும், 4கே தெளிவில் நொடிக்கு 120 படங்களை முழு நிறத்துடன் அனுப்பப் பயன்படும் எச்.டி.எம்.ஐ. 2.1 வசதிகளைத் திறந்த மூல இயக்கியில் சேர்க்க ஏ.எம்.டி. முன்வைத்த திட்டத்தை எச்.டி.எம்.ஐ. மன்றம் ஏற்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. இத்தகைய ஆட்டங்களையோ தொலைக்காட்சிகளையோ கொண்டோர் விண்டோசைத் தெரிவு செய்வதுண்டு. விண்டோசில் கைக்கருவியால் மட்டும் எல்லாவற்றையும் இயக்குவது அத்துணை எளிதன்று.

ஸ்டீம் ஓ.எஸ். போன்ற அனுபவத்தைத் தாமே பொருத்திய கணினியில் பெற, பெடோராவை அடிப்படையாகக் கொண்ட பசைட் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் உள்ளன.

ஏலியன்வேர் ஆல்ஃபா: ஓர் எடுத்துக்காட்டு

ஏலியன்வேர் ஆல்ஃபா, டெல் நிறுவனம் 2014 நவம்பரில் வெளியிட்ட வரவேற்பறைக் கணினி ஆகும். ஸ்டீம் ஓ.எஸ். தாமதமானமையால் விண்டோசு 8.1 உடனும் எக்ஸ்பாக்ஸ் 360 கைக்கருவியுடனும் இது விற்கப்பட்டது. தொடக்க விலை 549 அமெரிக்க டாலர். 200 மி.மீ. நீளமும் அகலமும், 55 மி.மீ. உயரமும் கொண்ட இதன் கனவளவு 2.2 லீட்டர் மட்டுமே. அக்காலத்தில் இதே திறனுள்ள கணினியை இவ்வளவு சிறிய பெட்டியில் தாமே பொருத்துவதற்கு வழி இருக்கவில்லை. 2015 இன் ஏலியன்வேர் ஸ்டீம் மெசினும் இதே வடிவமைப்பைக் கொண்டதே.

இதன் மையச் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பயனர் மாற்ற முடிந்தது. என்விடியாவின் மாக்ஸ்வெல் வகை வரைவியல் செயலியும் அதன் 2 கிகாபைட்டு நினைவகமும் மட்டும் பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தன. கணினியின் வாழ்நாளை முடிவு செய்தது அப்பகுதியே. 2016 இல் வந்த இரண்டாம் பதிப்பில் வெளிப்புற வரைவியல் அட்டைக்கான இணைப்பு சேர்க்கப்பட்டது. முதல் பதிப்பை வாங்கியோருக்கு அவ்வாய்ப்பு கிட்டவில்லை.

2025 அக்டோபர் மாதம் இக்கணினிக்கு இருபுறமும் வாயில் அடைபட்ட மாதமாக அமைந்தது. அம்மாதம் 14 ஆம் தேதி விண்டோசு 10 இற்கான பொது ஆதரவு முடிவடைந்தது. நான்காம் தலைமுறை இன்டெல் செயலிகள் விண்டோசு 11 இற்கான ஏற்புப் பட்டியலில் இல்லை. அதே மாதத்துடன் மாக்ஸ்வெல் வகைச் செயலிகளுக்கான புதிய ஆட்ட இயக்கிகளையும் என்விடியா நிறுத்தியது. லினக்சை நிறுவினால் பழைய ஆட்டங்களுக்கு இக்கணினி தொடர்ந்து பயன்படும். ஆனால் புதிய வரைவியல் செயலியை இதில் பொருத்த இயலாது.

அதே 2014 இல் மினி-ஐ.டி.எக்ஸ் பெட்டியொன்றில் பொருத்தப்பட்ட கணினியின் செயலியும் இதே ஏற்புப் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றது. வேறுபாடு யாதெனில், அதன் உரிமையாளர் பலகை, செயலி, நினைவகம் ஆகிய மூன்றையும் மாற்றிவிட்டு, பெட்டி, வட்டு, நல்ல நிலையிலுள்ள மின்வழங்கி, வரைவியல் அட்டை ஆகியவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த முடியும். புதிய அட்டை வேண்டுமெனில் பெட்டியின் அளவுக்குள் அடங்குவதைத் தேட வேண்டியிருக்கும்.

தெரிவு

மேற்கண்டவற்றிலிருந்து இரு வழிகளும் வெவ்வேறு தேவைகளுக்குப் பொருந்துவது தெரிகின்றது. 5 லீட்டருக்குக் குறைந்த அளவு, குறைந்த ஓசை, தொலைக்காட்சியுடன் இயல்பான இணைப்பு, ஒரே இடத்தில் உத்தரவாதம் ஆகியவற்றை முதன்மையாகக் கருதுவோருக்கு ஆயத்தக் கணினி ஏற்றது. 8 முதல் 15 லீட்டர் வரை இடம் ஒதுக்கக் கூடியவருக்கும், பகுதிகளைப் படிப்படியாக மாற்றிப் பல ஆண்டுகள் பயன்படுத்த விரும்புவோருக்கும் தாமே பொருத்துவது ஏற்றது.

ஆயத்தக் கணினியைத் தெரிவு செய்வோர் வரைவியல் செயலி தனி அட்டையாக உள்ளதா, மின்வழங்கி சீர்தர அளவினதா, நினைவகமும் வட்டும் கழற்றத்தக்கவையா, வேறு இயங்குதளத்தை நிறுவ முடியுமா என்னும் நான்கு வினாக்களுக்கு வாங்கும் முன்னரே விடை காண்பது நன்று. இவற்றுள் முதல் இரண்டுக்கும் "ஆம்" என்பது விடையாயின், அக்கணினி பிற்காலத்தில் தாமே பொருத்திய கணினிக்குப் பெரும்பாலும் ஒப்பானதே. "இல்லை" எனில், வாங்கும் நாளில் உள்ள வரைவியல் திறனே அதன் வாழ்நாள் முழுவதற்குமான திறன் எனக் கொண்டு விலையை மதிப்பிட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஸ்டீம் ஓ.எஸ்.
* நிகழ்பட ஆட்டக் கருவி
* மினி-ஐ.டி.எக்ஸ்
* வரைவியல் அட்டை
* தாய்ப்பலகை
* லினக்ஸ்